ஞாயிற்றுக்கிழமைத் தலையணை உறைகள்

லோகஸ்ட் தெருவில் ஞாயிற்றுக்கிழமை யாரும் துணியைத் தொட மாட்டார்கள். மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து கோழி சூப் வைப்பார்கள்; அப்புறம் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்த வீட்டு வாசல் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். வாளி, சோப்பு எல்லாம் திங்கட்கிழமைச் சமாச்சாரம். வெளியூரிலிருந்து குடிவந்த வெர்னா ஹுடாக் மட்டும் அந்த 1951 கோடை முழுக்க, ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், பின்பக்க மாடி ஜன்னலில் நின்று தலையணை உறையை உதறிக்கொண்டிருந்தாள்.

ஒரு தடவை உதறினால் போகிறது, ஏதோ தூசி என்று விட்டுவிடலாம். உதறுவாள், நிறுத்துவாள், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உதறுவாள்.

"அந்த வீட்ல இருக்கிறதே ரெண்டு பேரு. எத்தனை தலைய வச்சுப் படுக்கிறாங்களாம்?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு மிஸஸ் க்ரபாச். அவளுடைய சமையலறை ஜன்னலிலிருந்து வெர்னாவின் முழங்கை வரை தெரியும். முழங்கைக்கு மேலேயும் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அவள் அடுப்படியில் ஒரு முக்காலி வைத்திருந்தாள் என்று சொல்பவர்களும் உண்டு.

வெர்னாவின் புருஷன் எமில் ஹுடாக் எங்கள் ஊர் பேஸ்பால் அணியின் இடது ஓர ஆட்டக்காரன். பதினெட்டு வயதில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன். அதற்கப்புறம் எத்தனையோ ஊர், எத்தனையோ பஸ். நடுவில் கடற்படையில் கொஞ்ச வருஷம். அணிக்காரர்களைக் கேட்டால் அவனுக்கு வயது இருபத்தொன்பது என்பார்கள். அது பேஸ்பால் வயது. அம்மா வயிற்றிலிருந்து வந்த வயது முப்பத்துநாலு. அந்தத் தொழிலில் எல்லோரும் குறைத்துத்தான் சொல்வார்கள். கூட ஆடும் பொடியன்கள் அதை நம்பாமல் அவனை 'தாத்தா' என்றே கூப்பிட்டார்கள். நல்ல நல்ல பொடியன்களையெல்லாம் கொரியாச் சண்டைக்கு அள்ளிக்கொண்டு போனதால்தான் தாத்தாவுக்கு இன்னும் ஒரு மட்டையும் ஒரு சட்டையும் மிஞ்சியிருந்தன.

எங்கள் ஊரில் ஓர் ஆட்டக்காரன் 'மேலே போய்விட்டான்' என்றால் உடனே மாலை வாங்க ஓட வேண்டாம். பெரிய நகரத்துப் பெரிய அணி அவனைக் கூப்பிட்டுக்கொண்டது என்று அர்த்தம். எமில் ஒருநாளும் மேலே போனதில்லை. உலகச் சண்டை முடிந்த வருஷம் பெரிய அணியின் பயிற்சி முகாமில் அவனுக்கு ஒரு சட்டை கொடுத்தார்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே அதைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

"ஒரே ஒரு ஆட்டம், வெர்னா. ஒரு தடவை மட்டையோட நின்னாப் போதும். மூணு பந்துல அவுட் ஆனாக்கூடப் பரவால்ல. பெரிய ஆட்டக்காரங்க புஸ்தகத்துல என் பேரு ஏறிடும். ஏறினத எவனும் அழிக்க முடியாது," என்பான், உருளைக்கிழங்கு உரிக்கிறவளின் முதுகைப் பார்த்து.

போன வருஷம் ஆகஸ்டில் ஒரு பந்து அவன் இடது நெற்றிப்பொட்டில் அடித்தது. எழுந்து நின்றான், தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டான், சிரித்தான். இந்த வசந்தத்தில் ஒரு காலை, கோப்பைக்குப் பக்கத்தில் இருந்த மேஜைவிரிப்பில் நிதானமாகக் காப்பியை ஊற்றினான். வெர்னா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இடது கண்ணா?"

"தூக்கக் கலக்கம்."

"எமில்."

"நேர் பந்து தெரியுது. வேகமா வர்றது தெரியுது. வளைஞ்சு வர்றதுதான்... வளையறது தெரியறதுக்குள்ள முடிஞ்சு போயிடுது." பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினாள். பெண்டாட்டிகள் செய்கிற முட்டாள்தனங்களில் இதுவும் ஒன்று. இன்னொன்று அதற்கடுத்த வாரம் நடந்தது.

அவர்கள் குடியிருந்த வீட்டின் பின்பக்கம் மைதானத்து வேலியை ஒட்டி, கொஞ்சம் மேட்டில் இருந்தது. மாடி ஜன்னலில் நின்றால் பந்து எறியும் பிட்சரின் முதுகும், அவனுக்கு எதிரே குந்தியிருக்கும் கேட்சரின் முகமும் நேர்கோட்டில் தெரியும். கேட்சர் இரண்டு தொடைக்கும் நடுவில் விரலைக் காட்டித்தான் என்ன பந்து வேண்டும் என்று பிட்சரிடம் சொல்வான். ஒரு விரல் நேர் பந்து. இரண்டு விரல் வளைவு. மட்டை பிடிக்கிறவனுக்கு அது தெரியக் கூடாது. அதற்காகத்தான் அவ்வளவு மறைவு. எமில் கடற்படையிலிருந்து கொண்டுவந்த பைனாகுலரைக் கண்ணில் வைத்தால் கேட்சரின் நகத்து அழுக்குகூடத் தெரிந்தது.

இரண்டு விரல் என்றால் வெர்னா தலையணை உறையை உதறுவாள். ஒரு விரல் என்றால் சும்மா நிற்பாள். அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் உள்ளூர்ப் பகல் ஆட்டங்களில் எமில் அடித்த அடியை ஊரே பேசியது. விளக்கு வெளிச்ச ஆட்டங்களிலும் வெளியூரிலும் அவன் மட்டையில் காற்றுதான் பட்டது. அதையும் ஊர் பேசியது. "சிலருக்கு வெயில் ஒத்துக்கும். சிலருக்கு வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கும்," என்றார் மேனேஜர் ஆர்லோ பிக்ஸ். அடிக்கிறவனிடம் காரணம் கேட்கிற மேனேஜர் எந்த ஊரில் இருக்கிறார்?

வெர்னாவும் பரம சாது ஒன்றும் இல்லை. ஜூன் மாதத்தில் அவள் உதறி முடித்த அடுத்த நொடியே பந்து வேலிக்கு மேலே பறந்து அவர்கள் வீட்டு ஆப்பிள் மரத்தில் விழுந்தபோது, யாருமில்லாத அறையில் குதித்தாள். அதில் பாதி அவள் அடித்தது. மைதானத்தில் கைதட்டுகிற ஒருத்தருக்கும் அது தெரியாது என்பது மட்டும் அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது.

ஆகஸ்ட் கடைசியில் செய்தி வந்தது. பெரிய அணியில் ஒருவனுக்குக் கால் முறிந்துவிட்டது. செப்டம்பருக்கு ஒரு ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்க மேலேயிருந்து ஒருவர் வருகிறார்.

அன்று எமில் இரண்டு கிண்ணம் நூடுல்ஸும் முட்டைக்கோசும் சாப்பிட்டான். வெர்னா தன் கிண்ணத்தையும் அவன் பக்கம் நகர்த்தினாள்.

"மேல போனா அங்க ஜன்னல் கிடையாது, எமில்."

"தெரியும்."

"அங்க எறியறவன் இங்க எறியறவனைவிட வேகமா எறிவான்."

"ஒரு ஆட்டம்னு சொன்னேன்ல."

"தலையில பட்டா?"

"ஒரு தடவைதான் பட்டுடுச்சே. ஒரே இடத்துல ரெண்டு தடவையா படும்?" சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் தலையணை உறைகளைத் துவைத்துக் கஞ்சி போட்டு வைத்தாள். வெளுப்பாக இருந்தால்தான் அவன் கண்ணுக்குத் தெரியும்.

வெர்னாவுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. எதிரணியான ஸ்டோன்ரிட்ஜின் கேட்சர் ரூடி, மிஸஸ் க்ரபாச்சின் கூடப்பிறந்த அண்ணன் மகன். எங்கள் ஊருக்கு ஆட வந்தால் அத்தை வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. அந்த ஞாயிறு காலை பூசை முடிந்து அவனுக்கு வாத்து பொரித்துப் போட்டுவிட்டு, மிஸஸ் க்ரபாச் தன் மனக்குறையைக் கொட்டினாள். இதை அவளே பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள், கொட்டியது தான்தான் என்ற பெருமையோடு.

"இன்னிக்கும் ஆரம்பிச்சுடுவா பாரு அந்த ஹுடாக் பெண்டாட்டி. சாமி நாளும் கிடையாது, சனி நாளும் கிடையாது. உதறு உதறுன்னு உதறுவா."

"துவைக்கிறாங்களா இருக்கும் அத்தை."

"துவைக்கிற மூஞ்சியப் பாரு! புருஷன் மட்டையத் தூக்கிட்டு வந்து நின்னா வருவா. அவன் போயிட்டான்னா ஜன்னல் காலி. புருஷன் மேல அவ்வளவு ஆசைன்னா டிக்கெட் வாங்கிட்டு உள்ள போய் உக்காரறது."

ரூடி வாத்துக் காலைத் தட்டில் வைத்தான்.

"அவன் நிக்கும்போது மட்டுமா?"

"அவன் நிக்கும்போது மட்டுந்தான். ஏன், இன்னொரு துண்டு வைக்கட்டா?"

மத்தியானம் வெயில் நன்றாக இருந்தது. வெர்னா பைனாகுலரில் முதலில் தேடியது மேலேயிருந்து வந்தவரை. கேட்சருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில், வைக்கோல் தொப்பியும் வாயில் ஒரு பல்குச்சியுமாக உட்கார்ந்திருந்தார். எமில் முதல் தடவை மட்டையோடு வந்தான். ரூடி இரண்டு விரல் காட்டினான். அவள் உதறினாள். எமில் அந்த வளைவை வேலியில் போய் மோதுகிற மாதிரி அடித்து இரண்டாவது பேஸ் வரைக்கும் ஓடினான். வைக்கோல் தொப்பி முன்னால் சாய்ந்தது.

அவள் அதைப் பார்த்தாள். ரூடி தன் முகமூடியைத் தூக்கிக்கொண்டு, ஓடுகிறவனைப் பார்க்காமல் வேலிக்கு மேலே இருக்கும் வீடுகளைப் பார்த்ததைப் பார்க்கவில்லை.

எமில் இரண்டாவது தடவை வந்தபோது ரூடி எழுந்து போய் பிட்சரின் காதில் ஏதோ சொல்லிவிட்டு வந்து குந்தினான். முகமூடியைப் போடுவதற்கு முன் ஜன்னலை நேராகப் பார்த்தான். பைனாகுலரில் அவன் கண் இவள் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அப்புறம் இரண்டு விரல். மறைவாக இல்லை, கத்திரிக்கோலை விரிக்கிற மாதிரி, இந்தா பார்த்துக்கொள் என்று.

வெர்னாவின் கையில் உறை தயாராக இருந்தது. எமிலின் முகம் ஜன்னல் பக்கம் நிமிர்ந்து காத்திருந்தது.

வளைவு பந்துக்கு ரூடி வெளிப்பக்கம் நகர வேண்டும். அவன் உள்பக்கம், எமிலின் உடம்பை ஒட்டி நகர்ந்தான். இத்தனை வருஷம் பேஸ்பால்காரனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அது போதும். வளைவு வருகிறது என்று நம்புகிறவன் தலையை முன்னால் நீட்டிக்கொண்டு போவான். வரப்போவது நேர் பந்து. போகப்போவது தலைக்கு.

உதறினால் அவன் தலை. சும்மா நின்றால் நேர் பந்து என்று நம்பி அப்போதும் முன்னால் வருவான்; ஜன்னலை மூடினால் வைக்கோல் தொப்பிக்காரர் கை நழுவிப் போவார். 'ஆபத்து' என்று சொல்ல அவர்களுக்குள் ஒரு ஜாடை கிடையாது. அப்படி ஒன்று வேண்டியிருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. அவள் உறையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் பச்சைத் திரையைப் பிடித்து அடிவரைக்கும் இழுத்துவிட்டாள்.

திரையோரத்து இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். எமில் கையைத் தூக்கி, ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி வெளியே வந்தான். மட்டையால் ஷூ மண்ணைத் தட்டினான். மறுபடி ஜன்னலைப் பார்த்தான். மறுபடி மண்ணைத் தட்டினான். போய் நின்றான். வழி தெரியாதவன் நிற்கிற மாதிரி, பின்னங்காலில் கனத்தை வைத்து.

பந்து காதுக்கு வந்தது. பின்னால் சாய்ந்திருந்ததால் விழ முடிந்தது. தொப்பி ஒரு பக்கம், மட்டை ஒரு பக்கம்.

"எங்காளுக்குக் கை நழுவிடுச்சு தாத்தா, மன்னிச்சுக்கோ. உங்க வீட்டுத் துணியெல்லாம் காஞ்சுதா?" என்றான் ரூடி.

அப்புறம் வந்தவை எல்லாம் வளைவுகள். முதல் இரண்டுக்கும் எமில் மட்டையைச் சுழற்றினான். பந்து அப்போது வேறெங்கோ இருந்தது. மூன்றாவதை நின்று பார்த்தான். அவுட். அடுத்த முறை அவன் வந்தபோது ஸ்டோன்ரிட்ஜ் ஆட்கள் மொத்தப் பேரும் வெள்ளைத் துண்டுகளை எடுத்து உதறினார்கள். எதற்கென்று தெரியாமலேயே எங்கள் ஊர்க்காரர்களும் சிரித்தார்கள். பிறகு தெரிந்துகொண்டும் சிரித்தார்கள். வைக்கோல் தொப்பிக்காரர் எழுந்து சாசேஜ் வாங்கப் போனார். திரும்பி அந்த இடத்துக்கு வரவில்லை.

எமில் வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்றான். கன்னத்தில் மண் அப்படியே இருந்தது.

"எத்தனை விரல்?"

"ரெண்டு. ஆனா அவன் உள்பக்கம் நகர்ந்தான். என்னைப் பார்த்துச் சிரிச்சான், எமில்."

"ரெண்டு விரல் காட்டினா உதறணும். அதுதானே பேச்சு?"

"தலையில பட்டிருக்கும்!"

"பட்டிருக்கலாம். கடைசி நிமிஷத்துல மனசு மாறி நெஜமாவே வளைவு எறிஞ்சிருக்கலாம். நான் அடிச்சிருக்கலாம். அதை நீ எப்படி முடிவு பண்ணலாம்? பதினாறு வருஷம் வெர்னா. பதினாறு வருஷத்தையும் சேர்த்துத் திரையப் போட்டு மூடிட்டே."

அவள் தண்ணீர் ஊற்றி முகம் கழுவச் சொன்னாள். அவன் கழுவாமலேயே படுத்தான்.

திங்கட்கிழமை காலை மிஸஸ் க்ரபாச் வால்நட் ரொட்டியைத் தட்டில் வைத்து மூடிக்கொண்டு வந்தாள். துக்க வீட்டுக்கு எடுத்துப் போகிற அதே தட்டு.

"மனசு கேக்கல. அதான் வந்தேன். நான் என்னத்தக் கண்டேன், ஏதோ துணிதானேன்னு சொன்னேன்." அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள், பைனாகுலர் எங்கேயும் தெரியவில்லை. "வெளியூர் ஆட்டத்துக்கு நாளைக்கு பஸ் ஏறுறாராமே உன் வீட்டுக்காரர்? ஜாக்கிரதையா இருக்கச் சொல்லு. ரூடி சொன்னான்."

"என்ன சொன்னான்?"

"சமிக்ஞையத் திருடிட்டா ஆட்டக்காரங்க சும்மா விட மாட்டாங்களாம். ஸ்டோன்ரிட்ஜ்காரங்க ஒவ்வொரு ஊருக்கும் போன் போட்டுச் சொல்லியாச்சாம். எங்க போனாலும் இவர் காதுக்கு ஒரு பந்து எடுத்து வச்சிருக்காங்களாம். ரொட்டியச் சூடு பண்ணிச் சாப்பிடு, வெண்ணெய் தடவி."

அன்றைக்கெல்லாம் எமில் பின்முற்றத்தில் மட்டைக்கு மெழுகு தேய்த்தான். வெர்னா இரண்டு தடவை கேட்டாள். "போகாதே" என்று ஒரு தடவை. "எனக்காக" என்று இன்னொரு தடவை. அவன் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"வெளியூர்ல நல்லா அடிச்சா மறுபடி ஆள் அனுப்புவாங்க," என்றான் மட்டையிடம்.

செவ்வாய்க்கிழமை காலை அவன் பையோடு கிளம்பிய பிறகு வெர்னா கோட்டை மாட்டிக்கொண்டு குறுக்கு வழியாக மைதானத்துக்குப் போனாள். ஆட்டக்காரர்கள் உடை மாற்றுகிற கொட்டகைக்குள் பெண்கள் போவது கிடையாது. கதவைத் தட்டக்கூட இல்லை. ஆர்லோ பிக்ஸ் பாதி முகத்தில் சவர நுரையோடு நின்றார்.

"யம்மா! ஆம்பளைங்க இருக்கிற இடம்!"

"எமிலுக்கு இடது கண்ணு தெரியாது."

பிக்ஸ் கத்தியைக் கழுவினார். "இங்க சராசரி முந்நூத்தி இருபது அடிச்சவனுக்கா?"

"அதுல பாதி நான் அடிச்சது, மிஸ்டர் பிக்ஸ்."

அவர் மீதி நுரையைத் துண்டால் துடைத்தார். "துணி விஷயம் ஞாயித்துக்கிழமையே தெரிஞ்சுது. அது பெரிசில்ல; எல்லாரும் ஏதாவது பண்றதுதான். கண்ணுன்னு நீ வாயத் திறந்து சொல்லிட்டே. இனிமே நான் அவனை ஆட இறக்கி, எவனாவது அடிச்சுக் கொன்னா, கொன்னது நான். சொல்லாம இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம்," என்றாள்.

அவள் கேட்டுக்கு வெளியே போய் நின்றாள். பஸ் உறுமிக்கொண்டிருந்தது. பொடியன்கள் ஒவ்வொருவனாக ஏறினார்கள். பிக்ஸ் எமிலின் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார். பேச்சு நீளமாக இல்லை. எமில் தலையை ஆட்டினான், ரொம்ப மரியாதையாக, வேறு யாரையோ பற்றிச் சொல்வதைக் கேட்கிறவன் மாதிரி. பஸ் ஜன்னலிலிருந்து ஒருத்தன் "தாத்தா, வாங்க, இடம் போட்டிருக்கேன்!" என்றான். பக்கத்திலிருந்தவன் அவனை உள்ளே இழுத்தான்.

எமில் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தான்.

"யாரு சொன்னது? அந்த க்ரபாச் கிழவிதானே?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஊரில் ஒருத்தர் விடாமல் நம்பியிருப்பார்கள். மிஸஸ் க்ரபாச்சே இரண்டு நாளில் நம்பியிருப்பாள்.

"நான்தான்," என்றாள் வெர்னா.

அவன் அவளைத் தாண்டி நடந்தான். அவள் பின்னால் போனாள். லோகஸ்ட் தெருவில் அவன் இந்த ஓரம், அவள் அந்த ஓரம். காலை பத்து மணிக்கு வாசல் நாற்காலியில் உட்காரும் வழக்கம் எங்கள் தெருவில் யாருக்கும் கிடையாது. அன்று எல்லா நாற்காலியிலும் ஆள் இருந்தது.

ஹோர்னாக் வீட்டுத் தபால் பெட்டிக் கம்பத்தில் அவன் இடது தோள் மோதியது. நின்று, கம்பத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேலே நடந்தான். வெர்னா தெருவைக் கடந்து வந்து அவனுடைய இடது பக்கத்தில், அவனுக்குத் தெரியாத பக்கத்தில், கூடவே நடந்தாள். அவள் வந்தது அவனுக்குத் தெரியும் என்று மிஸஸ் க்ரபாச் இன்றைக்கும் அடித்துச் சொல்கிறாள். மிஸஸ் ஹோர்னாக் தெரியாது என்கிறாள். அவர்கள் வீட்டு வாசல் வரைக்கும் அவள் அந்தப் பக்கத்திலேயே வந்தாள்.

வாசற்படிக் கல் கொஞ்சம் எழும்பியிருந்தது.

"படி," என்றாள் வெர்னா.

"தெரியுது," என்று சொல்லிக்கொண்டே எமில் இடறினான்.